கஞ்சி ஒட்டிய முதல் தாள்

எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் நான் முதலில் படிப்பது அட்டைக்கு அடுத்த தாளைத்தான். எத்தனையாவது பதிப்பு, போன பதிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், அதை அச்சடித்தவர்கள் சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குக் கோபம் வரும். எதை மாற்றினோம் என்பது மாற்றியவருக்குத்தான் தெரியும். அதை நாலு வரி எழுதி வைக்க அவருக்குச் சோம்பலாக இருந்தால், படிக்கிறவர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண் பூத்துப்போகத் தேட வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள், டீச்சர் பாடத்தை விட்டுவிட்டு விலையைப் படிக்கிறார் என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே எனக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அறுபதுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில், நெசவுக்காரர்களின் தெரு ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். நான் பத்தாம் வகுப்பில் பாதி வருஷம் படித்திருக்கும்போது வயதுக்கு வந்தேன். அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. புத்தகப் பையைத் தூக்கிப் பரணில் வைத்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் உலகம் முன்கதவிலிருந்து கொல்லைக் கிணறு வரை. இருபத்தேழு தப்படி. பல தடவை எண்ணியிருக்கிறேன், ஒருநாளும் இருபத்தெட்டு ஆனதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா இந்த உலகத்துக்கு என்னைவிட முந்தி வந்து சேர்ந்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். கணக்கில் அவளை அடித்துக்கொள்ள எங்கள் தெருவில் ஆள் கிடையாது. தறியில் ஏற்றும் ஒரு பாவுக்கு எத்தனை இழை, எத்தனை சேலைக்கு எவ்வளவு நூல் என்று அவள் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே கேட்பார். அவள் அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள். பென்சிலைத் தொட மாட்டாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாத இயற்கணிதம் அவள் சொல்லித்தான் ஏறியது.

இரண்டு வீட்டுக்கும் கொல்லையில் ஒரே கிணறு. நாலு வாளி இறைத்தால் தரை தெரிந்துவிடும். பிறகு ஊற்று ஊறக் காத்திருக்க வேண்டும். சித்திரையில் ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். ஊரே மழை இல்லை என்று புலம்பிக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டோம். கிணறு வற்ற வற்றப் படிக்கும் நேரம் கூடும். தண்ணீருக்குக் காத்திருக்கும் பெண்ணை, ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்குள்ளே தறிச் சத்தம் கேட்கிற வரையில் நாங்கள் பேசுவதும் யார் காதிலும் விழாது. தறி நின்றால் நாங்களும் நிறுத்திவிடுவோம்.

பள்ளிக்கூடம் போகாமலே எஸ்.எஸ்.எல்.சி., அதாவது அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்புப் பரீட்சையை, எழுதலாம் என்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கடுகு மடித்து வந்த பழைய பேப்பரில் அது இருந்தது. பாஸ் செய்தால் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம். மதுரையில் தங்கிப் படிக்க ஹாஸ்டல் உண்டு. ஹாஸ்டலில் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று நாங்கள் ஒரு வாரம் பேசினோம். அவள் ரோடு தெரியும் என்றாள். நான் ரயில் தெரியும் என்றேன்.

என் அப்பா, எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருந்தார்கள், என்னைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. அவள் அப்பா மூன்று மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னாராம்: "ஒருக்கா எழுதட்டும். தவறுச்சுன்னா தையில கல்யாணம். பெறகு இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

மாப்பிள்ளை மல்லாங்கிணற்றில் தயாராக இருந்தார். சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம், நல்ல மனிதர்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அங்கே போய்வந்த தன் அம்மாவிடம் அக்கா வேறு கேள்விகள் கேட்டிருந்தாள். வீடு கடைக்குப் பின்னால் இருக்கிறது. கொல்லையில் வழி கிடையாது. தெருவுக்கு வர வேண்டுமானால் கடை வழியாகத்தான் வர வேண்டும். கடையில் எப்போதும் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். கடைசியில், "இங்கயாவது ஒரு கெணறு இருக்கு" என்றாள்.

எனக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. தவறினால் அடுத்த வருஷம் இன்னொரு தடவை எழுதியிருப்பேன். ஒரே ஒரு தடவை என்பது அவளுக்குத்தான்.

எங்களிடம் இருந்தவை தெருவில் கை மாறி வந்த பழைய புத்தகங்கள். அந்த வருஷம் எல்லாவற்றுக்கும் புதிய பதிப்பு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டபோது அக்கா கையிலிருந்த பழைய புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். எது மாறியிருக்கிறது, எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. வகுப்பில் இருப்பவர்களுக்கு வாத்தியார் வாயால் சொல்லிவிடுவார். வீட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்களும் நினைக்கவில்லை, வாத்தியார்களும் நினைக்கவில்லை.

என்னோடு படித்த தோழி ஒருத்தி, பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் மகள், எங்களுக்கு வழி செய்தாள். அவள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு வழியாகப் போகும்போது ஜன்னல் கம்பிக்குள் ஒரு புத்தகத்தை நீட்டுவாள். திங்கள்கிழமை காலையில் அதை வாங்கிக்கொள்வாள். ஒரு வாரத்துக்கு ஒரு புத்தகம், இரண்டு பகல். முழுவதையும் எழுதி எடுக்க நேரம் போதாது. பழையதையும் புதியதையும் வைத்து, மாறியதை மட்டும் நான் எழுதுவது, அதற்குப் பதிலாக அக்கா எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

முதலில் வந்தது சமூகப் பாடம். நான் ஒரு வரி விடாமல் ஒப்பிட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த படம் பதினான்காம் பக்கத்துக்குப் போயிருக்கிறது. "ஆகையால்" என்று இருந்த இடத்தில் "எனவே" என்று இருக்கிறது. உழவுப் படத்தில் முன்பு கொம்பில்லாமல் இருந்த மாட்டுக்கு இப்போது கொம்பு முளைத்திருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கு என்னைப் பார்த்தே பெருமையாக இருந்தது.

அக்கா நோட்டை நாலு பக்கம் புரட்டினாள். பிறகு என் மடியில் வைத்துவிட்டாள்.

"ஏடி, இதப் படிக்கிறதுக்குப் புதுப் புத்தகத்தையே படிச்சிரலாமே" என்றாள். "மாட்டுக்குக் கொம்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பரீச்சையில நான் என்னத்த மாத்தி எழுதணும், அத மட்டும் சொல்லு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு பகல் கழுத்து ஒடிய எழுதியதை இப்படிச் சொல்கிறாளே என்று அழுகை வந்தது. ஆனால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் அதைவிட நல்லது ஒன்று இல்லை. அந்த நோட்டையே மறுபடி உட்கார்ந்து சுருக்கினேன். புதிதாகச் சேர்ந்த பாடம் இரண்டு, எடுத்துவிட்ட பாடம் ஒன்று, தப்பாக இருந்து திருத்திய ஆண்டுகள் மூன்று. ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் கிணற்றடிக்குப் பாடிக்கொண்டே வந்தாள்.

கணக்குப் புத்தகம் மூன்றாவது வாரம் வந்தது. அட்டை தனியாக, புத்தகம் தனியாக வந்தது. பஜார் சாமான்களோடு ஏதோ வண்டியில் கிடந்து பிய்ந்துபோனதாம். இத்தனை உதவி செய்கிறவளுக்கு நாம் ஒன்றுமே செய்யவில்லையே என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் அதற்கு அட்டை போட்டுக் கொடுக்க முடிவு செய்தேன்.

எங்கள் தெருவில் புத்தகத்துக்கு அட்டை போடுவது என்றால் காகிதத்தில் இல்லை. தறியிலிருந்து வெட்டிய துண்டுத் துணியும், பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியும்தான். பூச்சி அரிக்காமல் இருக்கக் கஞ்சியில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்போம். துணியை அட்டையின் மேல் இழுத்து ஒட்டி, ஓரங்களை உள்பக்கம் மடித்து, மடித்த ஓரம் கிளம்பாமல் இருக்கப் புத்தகத்தின் முதல் தாளை அதன் மேல் சேர்த்து ஒட்டிவிடுவோம். அப்படிச் செய்தால்தான் அட்டை வருஷக்கணக்கில் நிற்கும். வேறு ஊர்க்காரர்கள் புத்தகத்தை இப்படிச் சிறை வைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எல்லாப் புத்தகமும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஒட்டினேன். முதல் தாளைப் பார்க்கத்தான் செய்தேன். மேலே விலை, அதன் கீழே யார் யாரோ பெரியவர்களின் பெயர்கள், அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஏதோ. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பரீட்சையில் பெயரையும் விலையையும் கேட்கப் போவதில்லை. வெறும் பக்கம் வெளியே தெரியும்படி கஞ்சியைத் தடவி அழுத்தினேன். எங்கள் ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் அட்டை பலகை மாதிரி காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒப்பிட உட்கார்ந்தேன்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். புதிய கணக்குப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அளவுகள் மாறியிருந்தன. கெஜம் இருந்த இடத்தில் மீட்டர், ராத்தல் இருந்த இடத்தில் கிலோ, ஏக்கர் இருந்த இடத்தில் ஹெக்டேர். முதல் பத்துப் பக்கத்துக்கு ஒவ்வொன்றாகக் குறித்தேன். பிறகு எனக்கு மாட்டுக் கொம்பு ஞாபகம் வந்தது. எல்லாப் பக்கத்திலும் இருப்பதை எழுதி மறுபடி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று, எழுதியதை எல்லாம் கோடு போட்டு அடித்தேன்.

அதோடு எனக்கு அது புதுச் செய்தியும் இல்லை. நான் பத்தாம் வகுப்பில் இருந்த அந்தப் பாதி வருஷத்தில் வாத்தியார் முதல் நாளே சொல்லிவிட்டார், கெஜமும் ஏக்கரும் இனி வீட்டோடு, பரீட்சைக்கு மீட்டரும் ஹெக்டேரும்தான் என்று. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன். எல்லோரும் என்றால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். அக்கா அந்த வகுப்புக்கு வரவே இல்லை. கடைக்குப் போகிறவர்களுக்குக் கிலோ தெரிந்திருக்கும், அவள் கடைக்கும் போனதில்லை. துணி விஷயத்தில் மீட்டர் என்றால் கெஜத்துக்கு மேல் மூணு அங்குலமும் கொஞ்சமும் என்று அவளுக்குத் தெரியும். ஹெக்டேர் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வர ஒரு காரணமும் இல்லை.

கணக்குக்கு நான் கொடுத்த குறிப்பு அரைப் பக்கம். வரைபடப் பாடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது, வெளிநாட்டு நாணயக் கணக்கை எடுத்துவிட்டார்கள், பாடங்களின் வரிசை மாறியிருக்கிறது. அவ்வளவுதான். அக்கா அதை வாங்கி வாசித்துவிட்டு, "இப்பத்தான் உனக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கடைசி வரையில் அந்த அரைப் பக்கத்தை நம்பித்தான் படித்தாள். பரப்பளவுப் பாடத்தை நாங்கள் சேர்ந்து போட்டுப் பார்க்கவே இல்லை. அது வெறும் பெருக்கல்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். கடைசியில் மழை பெய்து கிணறு ஊறிவிட்டது. எங்களுக்கு உட்கார நேரம் கிடைக்கவில்லை.

கணக்குப் பரீட்சை அன்று இரண்டு அப்பாக்களும் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போனோம். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நான் அத்தனை தூரம் நடந்தது அந்தப் பரீட்சைகளுக்குத்தான். வினாத்தாளில் ஒரு நிலம் வந்திருந்தது. நீளம் இருநூற்று ஐம்பது மீட்டர், அகலம் நூற்று அறுபது மீட்டர், பரப்பளவு எத்தனை ஹெக்டேர்? ஒரே வரியில் போட்டுவிட்டேன். அந்த மாதிரி இன்னும் நாலைந்து கணக்குகள் இருந்தன. கையில் இனிப்பு வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது அக்கா முகம் வெளுத்திருந்தது. நிலக் கணக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் இழுத்துவிட்டது என்றாள். மீட்டரைக் கெஜமாக்கி, அதைச் சதுர கெஜமாக்கி, நாலாயிரத்து எண்ணூற்று நாற்பதால் வகுத்து ஏக்கருக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

"ஒம்பதே முக்கால் ஏக்கரும் சொச்சமும் வந்துச்சு" என்றாள். "அந்த ஹெக்டேருங்கிறது என்னன்னு தெரியல. ஏக்கருக்கு இங்கிலீசுல அப்படி ஒரு பேரு போலன்னு விட்டுட்டேன். சரிதானடி?"

அந்த இடம் எனக்கு இன்றைக்கும் தெரியும். வலது பக்கம் மூட்டைகள் அடுக்கிய ஒரு பருத்திக் கிட்டங்கி, இடது பக்கம் காய்ந்த ஒரு வேலிக்கருவை. கோடு போட்டு அடித்த வரிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. அவளுக்கு வந்த விடை நிலத்தின் அளவாகச் சரி. கேட்டதற்கு அது விடை இல்லை. அந்த ஒரு பக்கத்தை எழுதப் போன நேரத்தில் அவள் விட்டுவந்த கணக்குகள் வேறு.

"சரியாத்தான் இருக்கும்க்கா" என்றேன்.

ரிசல்ட் பேப்பரில் வெறும் எண்களாக வந்தது. என் எண் இருந்தது. அவள் எண் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு முந்தியதும் பிந்தியதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நடுவில் ஒருத்தி இருந்தாள் என்பதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. பிறகு மார்க் வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். கணக்கில் மட்டும் போயிருந்தாள். அவள் அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தறியை நிறுத்திவிட்டு, மிகவும் அன்பாக, "உனக்குக் கணக்கு வரலம்மா, விட்ரு" என்று சொன்னார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நாளிலிருந்து அவர் இழைக் கணக்கை அவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

தையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அதற்கு முன்பே நான் மதுரைக்குப் போய்விட்டேன். ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவர் தெரிந்தது. ரோடும் இல்லை, ரயிலும் இல்லை.

பஜார் தோழியும் பாஸ் செய்திருந்தாள். இனி எனக்கு எதற்கு என்று தன் கணக்குப் புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். நான் போட்ட துணி அட்டையோடு அது என் பெட்டிக்குள் இருந்தது. ஐப்பசி மழையில் ஹாஸ்டல் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. எங்கள் ஊர் வறட்சியில் அந்தக் கஞ்சி நூறு வருஷம் பிடித்திருக்கும். அங்கே ஒரே நாளில் இளகிவிட்டது. புத்தகத்தைக் காயவைக்க விரித்தபோது முதல் தாள் தானாகவே கழன்று வந்தது.

பெயர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது அதுதான். இந்தப் பதிப்பில் எல்லா அளவுகளும் மெட்ரிக் முறைக்கு மாற்றப்பட்டுள்ளன, தேர்வில் விடைகளை அந்த முறையிலேயே எழுத வேண்டும் என்று முதல் வரி. அதன் கீழே, சேர்ந்த பாடம், எடுத்த பாடம், வரிசை மாற்றம். நான் இரண்டு பகல் தேடி எழுதியது, நான் எழுதாமல் விட்டது, எல்லாம் ஐந்து வரிக்குள் இருந்தது. புத்தகம் போட்டவர்கள் சொல்லித்தான் இருந்தார்கள், கண்ணில் படாத எழுத்தில், பெயர்களுக்கும் கீழே. அவர்கள் ஒளித்து வைத்ததில் மிச்சத்தை நான் கஞ்சி போட்டு மூடினேன்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பல தடவை எழுத உட்கார்ந்தேன். கடிதம் கடைக்குத்தான் போகும், யாராவது பிரிப்பார்கள் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது தெரிந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான். அதைப் படிக்கும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெளியே வந்தவள் நான்தான், ஆனால் எங்கே போனாலும் அந்தப் பருத்திக் கிட்டங்கிக்கும் வேலிக்கருவைக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பயிற்சி முடிந்து, திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. புஞ்சைக் காட்டுக்கு நடுவில் இரண்டு அறை. அங்கே நான் பிடிவாதமாகச் செய்த ஒரே காரியம், ஒவ்வொரு ஜூனிலும் புதிய புத்தகங்கள் வந்ததும் ஒரு தாள் எழுதி ஒட்டியதுதான். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன மாறியது என்று அதில் இருக்கும். எல்லாப் பக்கத்தையும் தொடுகிற மாற்றம் எதுவோ அது முதல் வரி, கொட்டை எழுத்தில். பிறகு சேர்ந்தது, எடுத்தது, திருத்தியது. எது மாறவில்லை என்றும் ஒரு வரி, பழைய புத்தகம் வைத்திருக்கும் பிள்ளைகள் பயப்படாமல் இருக்க. மேலே தேதி. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எதையும் விடக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். போன வருஷத் தாளில் நான் விட்டதோ தப்பாக எழுதியதோ இருந்தால் அதையும் கடைசியில் சொல்வேன். பழைய தாளைக் கிழிக்க மாட்டேன், புதியதை அதற்கு மேலே ஒட்டுவேன். தலைமை ஆசிரியர் இது என்ன பஞ்சாங்கமா என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் சுற்று வட்டாரப் பள்ளிகளிலிருந்து ஆள் அனுப்பி அதை எழுதிப்போக ஆரம்பித்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். திருச்சுழியில் ஏதோ வேண்டுதல், முடித்துவிட்டு விசாரித்து வந்திருக்கிறாள். கூட எட்டு வயதில் ஒரு மகள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றாள். கடைச் சுவரில் துணி அளக்கும் மீட்டர் கம்பி தொங்குவதாகவும், தான் அதைத் தொட்டதில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள். மகள் என் மேசையில் இருந்த கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாள். என்ன வகுப்பு, கணக்கு நன்றாகப் போடுவாயா என்று அவளிடம் கேட்டேன். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"அவளும் என்னைய மாதிரிதான். எங்களுக்குக் கணக்கு வராது" என்றாள்.

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தலைமுடி சுருட்டை, நிறம் மாநிறம் என்பது போலச் சொன்னாள். பென்சில் தொடாமல் பாவுக் கணக்குப் போட்டவள் பத்து வருஷமாக அதை நம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையும் தலையை ஆட்டியது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து, கஞ்சி காய்ந்து நூல் ஒட்டியிருந்த அந்தத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடித்த வரிகளை, அட்டை போட்டதை, ரோட்டில் வைத்து நான் சொன்ன பொய்யை.

அவள் அந்த முதல் வரியை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு என்னைக் கேட்காமலே மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, என் நோட்டின் ஓரத்தில் 250 என்று எழுதினாள். அதன் கீழே 160. பத்து வருஷம் அந்த எண்கள் அவளிடம் இருந்திருக்கின்றன. பெருக்கினாள். நாற்பதாயிரம்.

"ஹெக்டேருன்னா எவ்வளவு?"

பத்தாயிரம் சதுர மீட்டர் என்றேன். அவள் அதை எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாலு" என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "அப்ப எனக்குக் கணக்கு வந்திருக்கு" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. வைத்த காப்பியைப் பாதி குடித்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அந்தத் தாளை நாலாக மடித்தாள்.

"இத நான் கொண்டு போறேன்" என்றாள். "மல்லாங்கெணத்துக்கு இப்ப போகல. அருப்புக்கோட்டையில எறங்கித் தெருவுக்குப் போறேன். அப்பா இன்னும் இருக்காக. அவுககிட்ட இதக் காட்டணும்."